பச்சை குத்தியோரும் அவர்கள் மீதான சமூகத்தின் தீர்ப்பும்

2014 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்தியாவிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கிய பிரித்தானியத் தாதி ஒருவர், தமது வலது கையில் தாமரை மலர் மீது அமர்ந்திருக்கும் புத்தரின் உருவத்தைப் பச்சை குத்தியிருந்தார் என்ற காரணத்தினால் பொலிஸாரால் தடுத்து வைக்கப்பட்டார். நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றில் ஆஜர்செய்யப்பட்ட அவரை நாடு கடத்துமாறு உத்தரவிடப்பட்டது. ஓர் இரவைச் சிறைச்சாலையிலும் அடுத்த இரவுகளை மிரிஹான தடுப்பு முகாமிலும் கழித்த பின்னர் அவர் திருப்பி அனுப்பப்பட்டார். இதில் வேடிக்கை யாதெனில், அப்பெண் பௌத்தத்தை இகழ வந்தவர் அல்லர். தாய்லாந்து, கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளில் தியானப் பயிற்சிகளில் கலந்துகொண்டவர் என்றும், மதிப்பின் காரணமாகவே அவ்வுருவத்தைக் கையில் பதித்துக்கொண்டவர் என்றும் கூறியவர். அதற்கு முந்திய ஆண்டும் இதே போன்றதொரு உருவத்திற்காகப் பிரித்தானியர் ஒருவருக்கு நாட்டினுள் பிரவேசிக்க அனுமதி மறுக்கப்பட்டிருந்தது.

அத்தாதி அடிப்படை உரிமை மீறல் மனுவொன்றைத் தாக்கல் செய்தார். 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கைதுக்குச் சட்ட அடிப்படை எதுவும் இருக்கவில்லை என்றும், காவலில் அவர் இழிவான முறையில் நடத்தப்பட்டார் என்றும் நீதிமன்றம் கண்டது. நட்டஈடும் வழக்குச் செலவுமாக ஏறத்தாழ 8 இலட்சம் ரூபா அவருக்கு வழங்கப்பட வேண்டுமெனப் பணிக்கப்பட்டது.

பச்சை குத்துதல் குறித்த கருத்து வேறுபாடுகள் நமது நாட்டில் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் திருமணப் பேச்சுவார்த்தையிலுமே எழுகின்றன. அவை நீதிமன்ற வாசல் வரை செல்வது அரிது. எனினும் மேற்குறித்த வழக்கு இவ்விடயத்தில் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படும் இரு கேள்விகளைப் பிரித்துக் காட்டுகின்றது. உடலில் பச்சை குத்துவது சரியா, பிழையா என்பது ஒன்று. குத்தியவரை நாம் எவ்வாறு எடைபோடுகிறோம், எவ்வாறு நடத்துகிறோம் என்பது மற்றொன்று. முதலாவது கேள்விக்கு ஒவ்வொரு சமயத்திற்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனித்தனி விடை இருக்கலாம். அந்த விடையைக் கொண்டே இரண்டாவது கேள்வியையும் முடித்துவிடும் பழக்கத்தில்தான் கோளாறு உள்ளது.

பச்சை குத்துதல் மேல்நாட்டு மோகம் என்று நமது மேடைகளில் கூறப்படுவதுண்டு. இது வரலாற்றுக்குப் பொருந்தாத கூற்று. 1991 இல் அல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகள் பழைமையான மனித உடலில் 61 பச்சைக் குறிகள் இருந்தமை கண்டறியப்பட்டுள்ளது. ஆங்கிலேயரின் 'டாட்டூ' என்ற சொல்லே அவர்களுடையது அன்று. 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கப்டன் குக்கின் கப்பல்களில் பசிபிக் தீவுகளுக்குச் சென்றவர்கள் அங்குள்ள மக்களிடமிருந்து எடுத்து வந்த சொல் அது. தமிழர் மத்தியிலோ இக்கலை பாட்டிமாரின் கலையாக இருந்தது. தமிழ்நாட்டில் குறவர் சமூகப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று, விளக்குக் கரியையும் பச்சிலைச் சாற்றையும் குழைத்து, ஊசியால் முன்கையிலும் நெற்றியிலும் கோலப் புள்ளிகளையும் தேளையும் கணவன் பெயரையும் குத்தி விடுவார்கள். கூலி சிறிதளவு அரிசியாகவோ சில்லறைக் காசாகவோ இருக்கும். அங்கிருந்து வந்த மலையக மக்களிடையே, தோட்டங்களில் வாழ்ந்த மூதாட்டிகளின் கைகளில் இவ்வடையாளங்களைக் கண்டவர்கள் இன்றும் பலர் உளர். கரிய மை தோலின் ஆழத்திலிருந்து நோக்கப்படும்போது ஒளிச் சிதறலினால் பச்சையும் நீலமும் கலந்ததாகத் தோன்றும். தமிழில் இதற்குப் பச்சை என்ற பெயர் நிலைத்தமைக்கு அத்தோற்றமும் ஒரு காரணமாக இருத்தல் கூடும்.

அந்த மூதாட்டியை எவரும் ரவுடி என்று கருதியதில்லை. அதே புள்ளிக் கோலத்தை அவரது பேரன் கழுத்தில் குத்திக்கொண்டால், அவனுக்குப் பெண் கொடுப்பதற்கு ஊர் யோசிக்கும். ஆனால் அதனிலும் பெரிய உருவங்களைத் தோள் முழுவதும் வரைந்துகொண்ட கிரிக்கெட் வீரர் ஒருவரின் படத்தை அதே வீட்டின் சுவரில் காணலாம். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். தமது கட்சித் தொண்டர்கள் கட்சியின் அடையாளத்தைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டுமென விரும்பியபோது அது விசுவாசத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஆக, நாம் எடைபோடுவது தோலில் உள்ள மையை அல்ல. அந்த மையைத் தாங்கியிருப்பவர் யார், அவர் வயது என்ன, ஆணா பெண்ணா, அவரது குடும்பம் எத்தகையது என்பவற்றையே எடைபோடுகின்றோம். பெண்களின் விடயத்தில் இந்தத் தராசு மேலும் கடுமையானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குற்றவாளிக்கும் பச்சை குத்தலுக்கும் இடையிலான தொடர்பை ஏற்படுத்தியவர்கள் பெரும்பாலும் குற்றவாளிகள் அல்லர், அரசுகளே என்பது பலர் அறியாத செய்தியாகும். வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில் 1797 ஆம் ஆண்டின் பிரமாணமொன்றின் கீழ், ஆயுட்கால சிறைத்தண்டனை பெற்றோரின் நெற்றியில் அவர்கள் இழைத்த குற்றம் பச்சையாகப் பொறிக்கப்பட்டது. இந்நடைமுறை 1849 இல் சட்டமூலம் நீக்கப்பட்டது. ஆனால் ஏற்கனவே பொறிக்கப்பட்ட நெற்றிகளைச் சட்டத்தினால் துடைக்க முடியவில்லை. ஜப்பானிலும் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் திருடர், மோசடிக்காரர் போன்றோரின் கைகளிலும் சில பிரதேசங்களில் நெற்றியிலும் குறி இடுவது தண்டனையாக இருந்தது. அக்குறியை மறைப்பதற்காகச் சிலர் அதன் மீது பெரிய அலங்கார உருவங்களை வரைந்துகொண்டனர். 1870 அளவில் தண்டனைக் குறி கைவிடப்பட்டது. 1872 இல் பச்சை குத்துவதையே அரசு தடை செய்தது. அத்தடை 1948 வரை நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் தடையையும் மீறிக் குத்திக்கொள்பவர்கள் யார் என்றால், இயல்பாகவே சட்டத்தை மதியாதவர்கள்தாம். குற்றக் கும்பல்களின் முத்திரையாகப் பச்சை அங்கு மாறியதில் அரசின் பங்கும் உண்டு.

அதன் விளைவு இன்னமும் தொடர்கின்றது. 2015 இல் ஜப்பானிய அரசின் சுற்றுலா முகவரகம் வெந்நீர் ஊற்று விடுதிகளிடம் நடத்திய கணக்கெடுப்பில், பதிலளித்தவற்றில் சுமார் 56 வீதமானவை பச்சை குத்தியோரை நீராட அனுமதிப்பதில்லை எனத் தெரிவித்தன. குற்றக் கும்பல்களை வெளியே நிறுத்துவதற்காக வைக்கப்பட்ட விதி அது. ஆனால் 2013 இல் அவ்விதி வெளியே நிறுத்தியவர்களுள் ஒருவர், ஹொக்கைடோவில் பழங்குடி மொழிகள் பற்றிய மாநாடொன்றுக்கு வந்திருந்த நியூசிலாந்தின் மாவோரிப் பெண்மணி. அவரது முகத்தில் இருந்தது அவரது குலத்தையும் மூதாதையரையும் குறிக்கும் மரபு அடையாளம். நியூசிலாந்திலோ, நாடியில் அத்தகைய அடையாளத்தைத் தாங்கிய மாவோரிப் பெண்மணி ஒருவர் 2020 இல் அந்நாட்டின் வெளிவிவகார அமைச்சராகப் பதவியேற்றார். ஓரிடத்தில் குளிப்பதற்கே தகுதியின்மையாகக் கருதப்பட்ட ஒன்று மற்றோரிடத்தில் நாட்டின் சார்பாகப் பேசுவதற்குத் தடையாக இருக்கவில்லை.

நாசிகளின் அவுஷ்விட்ஸ் முகாமில் கைதிகளின் கையில் பொறிக்கப்பட்ட இலக்கங்களையும் இங்கு நினைவுகூர வேண்டும். உயிர் தப்பியோரில் சிலர் பிற்காலத்தில் அவற்றை அகற்றினர். சிலர் உலகம் காண வேண்டுமென்றே வைத்திருந்தனர். விருப்பமின்றிப் பெற்ற குறியையும் விரும்பிப் பெற்ற குறியையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

இனி, சமயங்களின் நிலைப்பாட்டுக்கு வருவோம். இஸ்லாத்தைப் பொறுத்தவரை ஸுன்னி அறிஞர்களிடையே இது தடுக்கப்பட்டது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பச்சை குத்துபவரையும் குத்திக்கொள்பவரையும் கண்டிக்கும் நபிமொழிகள் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளன. இறைவனின் படைப்பை மாற்றுதல் என்பது அங்கு கூறப்படும் காரணமாகும். தோலின் மேற்பரப்பில் தங்கிச் சில நாட்களில் மறைந்துவிடும் மருதாணிக்கு இத்தடை இல்லை. ஷியா அறிஞர்களில் பலர் இவ்விடயத்தில் அத்துணைக் கடுமையான நிலைப்பாட்டை எடுப்பதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

எனினும் தடை என்பதுடன் மார்க்கச் சட்டம் நின்றுவிடவில்லை. ஏற்கனவே குத்திக்கொண்டவரின் நிலை என்ன என்பதையும் அது விரிவாக ஆராய்ந்துள்ளது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நூல்களில், இரத்தத்துடன் மை கலந்து உறைவதனால் அவ்விடம் அசுத்தமானதாகக் கருதப்பட்டு, அதனை அகற்றுதல் கடமை எனக் கூறப்படுகின்றது. அதேவேளை அகற்றுவதனால் உடலுக்குத் தீங்கு ஏற்படும் என்ற அச்சம் இருப்பின் அக்கடமை நீங்குகின்றது. மனம் வருந்தி மீண்டவர் மீது பாவம் எஞ்சுவதில்லை. சிறுபராயத்தில் அல்லது வற்புறுத்தலின் பேரில் குத்தப்பட்டவர் குற்றவாளியாகார். மை தோலின் உள்ளே இருப்பதால் நீர் தோலை அடைவதற்கு அது தடையன்று என்ற விளக்கத்தையும் அறிஞர்கள் அளித்துள்ளனர். கையில் பச்சை உள்ள இளைஞன் ஒருவன் தொழுகைக்கு வரும்போது, "உன் தொழுகை கூடாது" என்று வாசலிலேயே கூறிவிடும் பெரியவர்கள், தாம் பின்பற்றும் மத்ஹபே இத்தனை நிதானத்துடன் பேசுகின்றது என்பதை அறிந்திருப்பது நன்று. தவறிழைத்தவர் திரும்பி வரும் வழியை மார்க்கம் திறந்தே வைத்திருக்கையில், அதனை நமது முகச்சுளிப்பு அடைத்துவிடக் கூடாதல்லவா?

கிறிஸ்தவத்தில் நிலைமை வேறு. லேவியராகமம் 19 ஆம் அதிகாரம் 28 ஆம் வசனம் உடலில் அடையாளங்களைக் குத்திக்கொள்வதைத் தடுக்கின்றது. யூத மரபு இதனை இன்றளவும் கடைப்பிடிக்கின்றது. அது பண்டைய இஸ்ரவேலருக்கு, சுற்றியிருந்தோரின் இழவுச் சடங்குகளிலிருந்து விலகியிருக்கும் பொருட்டுக் கூறப்பட்டது எனக் கிறிஸ்தவ அறிஞர் பலர் விளக்குவர். எகிப்தின் கொப்டிக் கிறிஸ்தவர்களோ குழந்தைகளுக்கே மணிக்கட்டின் உட்புறத்தில் சிலுவையைப் பச்சை குத்தி விடுகின்றனர். சிறுபான்மையினராக வாழும் அவர்களுக்கு அது மறைக்க முடியாத விசுவாசப் பிரகடனமாகும். இந்துக்களிடையே நேரடியான தடையும் இல்லை, கட்டளையும் இல்லை. வழக்கமே விதியாக இருந்து வந்துள்ளது. ஆனால் தெய்வ உருவங்களை இடுப்புக்குக் கீழே, காலில் குத்திக்கொள்வது நிந்தனையாகவே கொள்ளப்படுகின்றது.

பௌத்தத்தில் உள்ள முரண்பாடு இவை அனைத்திலும் வியப்பானது. தாய்லாந்தின் வட் பங் பிரா விகாரையில் பிக்குகளே பக்தர்களின் முதுகில் பாளி மந்திரங்களையும் யந்திரங்களையும் பச்சை குத்துகின்றனர். அதுவும் தேரவாத பௌத்தம், இலங்கையில் உள்ளதும் தேரவாத பௌத்தம். ஒரே மரபினுள்ளேயே ஓரிடத்தில் பிக்குவின் கையால் பெறப்படும் காப்பு, மற்றோரிடத்தில் கைவிலங்குக்குக் காரணமாகின்றது. இலங்கைப் பௌத்தர்களின் மனம் புண்படுவது பொய்யன்று, அவ்வுணர்வை மதிக்க வேண்டும். ஆனால் அவ்வுணர்வை மட்டும் ஆதாரமாகக் கொண்டு பொலிஸார் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப முடியுமா என்பதே 2017 இல் நீதிமன்றத்தின் முன்னிருந்த வினா.

இந்த வினா வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு மாத்திரம் உரியதன்று. 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களைத் தொடர்ந்த பதற்றமான நாட்களில், ஹசலக பகுதியில் முஸ்லிம் பெண்ணொருவர் கைது செய்யப்பட்டார். அவர் அணிந்திருந்த ஆடையில் காணப்பட்டது தர்மச்சக்கரம் என்பது குற்றச்சாட்டு. அது கப்பலின் சுக்கான் சக்கரம் என்பது அவரது தரப்பு. பிணை கிடைக்கும் முன்னர் அவர் வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆடையையாவது மாற்றிக்கொள்ளலாம். தோலை என்ன செய்வது?

தோலைப் படித்து மனிதனைத் தீர்மானிக்கும் வழக்கத்தை வடக்கு, கிழக்கு மக்கள் புத்தகத்தில் கற்றவர்கள் அல்லர். யுத்த காலத்தில் சுற்றிவளைப்புகளிலும் சோதனைச் சாவடிகளிலும் இளைஞர்கள் சட்டையைக் கழற்றி நிற்கப் பணிக்கப்பட்டதும், முழங்கையிலும் முழங்காலிலும் உள்ள தழும்புகள் பயிற்சியின் அடையாளங்களாகச் சந்தேகிக்கப்பட்டதும் மறக்கக்கூடியவை அல்ல. சைக்கிளில் விழுந்த தழும்பு எது, வயலில் அரிவாள் வெட்டிய தழும்பு எது, ஷெல் துண்டு பட்ட தழும்பு எது என்று அங்கே எவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 2007 இல் பிரித்தானியாவின் அகதி மற்றும் குடிவரவு நியாயமன்றம், கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்படும் தமிழர்களுக்கு ஆபத்தை அதிகரிக்கக்கூடிய காரணிகளைப் பட்டியலிட்டபோது, உடலில் காணப்படும் தழும்பையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஒரு சமூகத்தின் மேனியில் உள்ள வடுக்கள் அயல்நாட்டு நீதிபதிகளின் ஏட்டில் இடம்பெறும் அளவுக்கு நிலைமை இருந்தது. இதனை அனுபவித்த சமூகம், பேருந்தில் அருகே அமர்ந்திருக்கும் இளைஞனின் கையில் ஒரு பறவையின் படத்தைக் கண்டதும் அவன் போதைப்பொருள் பாவிப்பவன் என்று முடிவு கட்டுவது விந்தையிலும் விந்தை.

இவ்வாறு கூறுவதனால் பச்சை குத்துவதை இப்பத்தி ஊக்குவிக்கின்றது என்று கொள்ளலாகாது. அதற்கெதிரான நியாயங்கள் சமயத்துடன் முடிந்துவிடுவன அல்ல. ஊசி மையைத் தோலின் மேற்படையைத் தாண்டி இரண்டாம் படையில் செலுத்துகின்றது. உடலின் நோயெதிர்ப்புக் கலங்கள் அதனை அந்நியப் பொருளாகக் கண்டு விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. அக்கலம் இறக்கும்போது வெளியேறும் மையை அருகிலுள்ள வேறொரு கலம் விழுங்கிக்கொள்கின்றது. பச்சை ஆயுள் முழுவதும் நிலைப்பதன் இரகசியம் இதுவே. லேசர் கதிர் மூலம் அகற்றுவதாயின் பல தடவைகள், வாரக்கணக்கான இடைவெளிகளில் சிகிச்சை பெற வேண்டும். செலவு குத்தியதை விடப் பன்மடங்காகும், முற்றாக மறையும் என்ற உறுதியும் இல்லை. கிருமிநீக்கம் செய்யப்படாத ஊசியினால் ஈரல் அழற்சி பி, சி ஆகியனவும் எச்.ஐ.வி.யும் தொற்றக்கூடும். இதனாலேயே பல நாடுகளில் புதிதாகப் பச்சை குத்தியோரிடம் குறிப்பிட்ட காலம் வரை இரத்ததானம் பெறப்படுவதில்லை. இது அவர்களின் ஒழுக்கம் பற்றிய தீர்ப்பன்று, தொற்றுப் பற்றிய முன்னெச்சரிக்கை மட்டுமே. ஆயினும் இரத்ததான முகாமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரைப் பற்றி ஊரில் பரவும் கதை வேறாக இருப்பதுண்டு.

18 வயதில் ஒருவருக்குப் பிடித்த பெயர் 28 வயதில் பிடிக்காமற் போகலாம் என்பதையும் பெற்றோர் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பிள்ளை குத்திக்கொண்டு வந்த பின்னர் செய்ய வேண்டிய முதற் காரியம் வசைபாடுவதன்று. காயம் சுத்தமாக ஆறுகின்றதா, ஊசி புதியதாக இருந்ததா என்று விசாரிப்பதே. ஏச்சுக்குப் பயந்து சீழ் பிடித்த கையைச் சட்டைக் கைக்குள் மறைத்துத் திரியும் பிள்ளைகளின் நிலை பரிதாபத்திற்குரியது.

தொழில் வழங்குநரின் நிலை சற்றுச் சிக்கலானது. சீருடைப் பணிகளில் தோற்றம் பற்றிய விதி இருப்பது நியாயமே. இந்தியாவின் மத்திய ஆயுதப் பொலிஸ் படைகளுக்கான ஆட்சேர்ப்பு விதிகள் இதற்கோர் உதாரணமாகும். சமய அடையாளமோ பெயரோ முன்கையின் உட்புறம் போன்ற மரபான இடங்களில் இருக்கலாம், ஆனால் வணக்கம் செலுத்தாத இடது கையில் மட்டுமே இருக்க வேண்டும், அளவும் அந்த உறுப்பின் கால்பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும் என அவை வரையறுக்கின்றன. கிராமத்து வழக்கத்தை அறிந்து எழுதப்பட்ட விதி இது. விரும்பியோ விரும்பாமலோ, விண்ணப்பிப்பவர் தாம் எங்கு நிற்கின்றார் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்கின்றார். நமது தனியார் நிறுவனங்கள் பலவற்றிலோ எழுதப்பட்ட விதி எதுவும் கிடையாது. நேர்முகப் பரீட்சையில் கையைப் பார்த்துவிட்டு, வேறொரு காரணத்தைக் கூறி அனுப்பிவிடுகின்றனர். மறைத்துக்கொண்டு வேலை செய்ய முடியுமா என்று கேட்கும் குறைந்தபட்ச நேர்மையேனும் அங்கில்லை. மனதில் வைத்துத் தீர்ப்பளிக்கப்படும் இந்தக் குற்றத்திற்கு எதிராக மேன்முறையீடு செய்வதற்கு இடமும் இல்லை.

குத்திக்கொள்வோருக்கும் பொறுப்பு உண்டு. பிறர் வணங்கும் உருவம் ஒன்றைத் தமது மேனியின் அலங்காரமாகத் தெரிவு செய்பவர், அதைக் காண்பவரும் தம்மைப் போலவே நோக்குவார் என்று எதிர்பார்க்க முடியாது. மதிப்பினால் செய்தேன் என்ற விளக்கத்தை எதிரில் வரும் ஒவ்வொருவருக்கும் கூறிக்கொண்டிருக்கவும் முடியாது. அவ்வாறு செய்தவரிடம் வருத்தத்தைத் தெரிவிக்கலாம், மறைத்துக்கொள்ளுமாறு கேட்கலாம், கண்டிக்கவும் செய்யலாம். கட்டுநாயக்கவில் அன்று அத்தாதியிடம் ஒரு நீண்ட கைச் சட்டையை அணிந்துகொள்ளுமாறு பணிவாகக் கூறியிருந்தால், விடயம் ஐந்து நிமிடங்களில் முடிந்திருக்கும்.

உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரும், இலங்கைக்கு வரும் தமது பிரஜைகளுக்குப் பிரித்தானிய அரசு வெளியிடும் பயண ஆலோசனையில் புத்தரின் உருவத்தைப் பச்சை குத்தியோர் குறித்த எச்சரிக்கை தொடர்ந்து இடம்பெற்று வந்துள்ளது.